நல்லதும் கெட்டதும் இல்லாத நாள்

(மதுரையில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் பக்கத்து ஊர்களில் ஒரு உறவு இருக்கிறதா, அறுந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரே கேள்விதான் கேட்பார்கள். "நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து உண்டா?" உண்டு என்றால் உறவு. "அதெல்லாம் விட்டுப்போச்சு" என்றால் முடிந்தது. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புது வீட்டில் பால் காய்ச்சுவது எல்லாம் நல்லது. சாவு, பதினாறாம் நாள், யாராவது ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடப்பது கெட்டது. இந்த இரண்டுக்கும் வந்துவிட்டால் போதும். நடுவில் பத்து வருஷம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாலும் சொந்தம் சொந்தம்தான்.

இந்த ஏற்பாட்டின் மேல் எனக்கு மரியாதை உண்டு. சோழவந்தான் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள் நான். எங்கள் வீட்டில் மொய் நோட்டை நிலப் பத்திரத்தோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் வைத்திருப்பார்கள். யார் எவ்வளவு செய்முறை செய்தார்கள், தாய்மாமன் சீரில் என்ன குறைந்தது, அத்தை வீட்டுக் கோடித் துணி எந்த வருஷம் வந்தது, எல்லாம் அதில் இருக்கும். பாசமும் மனத்தாங்கலும் ரூபாய்க் கணக்கில் எழுதப்பட்ட புத்தகம் அது. என் அப்பாவும் சித்தப்பாவும் கிணற்று முறைத் தகராறில் பேச்சை விட்டுவிட்டார்கள். பதினோரு வருஷம். ஆனால் எங்கள் அக்கா கல்யாணத்தில் சித்தப்பா எழுதிய மொய் அந்தப் பக்கத்திலேயே பெரியது. அப்பா அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பேசிக்கொள்ள அவர்களுக்கு அந்த நோட்டுதான் இருந்தது.

ஆனாலும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வருஷத்துக்கு 365 நாள். எவ்வளவு பெரிய சொந்தக்காரக் குடும்பமாக இருந்தாலும் நல்லதும் கெட்டதும் சேர்ந்து முப்பது நாற்பது நாளைத் தாண்டாது. மிச்ச நாட்களில் என்ன நடக்கிறது? யாரும் வராத, யாரும் அழக் காரணமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். சாப்பாட்டுக் கடை முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்தாயிற்று. ஒரு பெண் அடுப்படி நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். அவள் நெஞ்சில் என்னவோ அடைத்துக்கொண்டு நிற்கிறது. அந்த மத்தியானத்துக்கு நம்மிடம் சடங்கு இல்லை. செய்முறை இல்லை. விசாரிக்க வர வேண்டிய முறைக்காரர் என்று யாரும் இல்லை.

அந்த மத்தியானத்தில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது நாவல். நான் சொல்ல வந்தது இதுதான். மதுரையும் மதுரையைச் சுற்றிய சமவெளியும் கொடுத்த சில புத்தகங்களை வைத்துச் சொல்லப் பார்க்கிறேன்.

2018ல் பிரிட்டன் அரசு தனிமைப் பிரச்சினைக்கென்று ஒரு அமைச்சரை நியமித்தது. 2021ல் ஜப்பானும் அப்படியே செய்தது. செய்தியைக் கேட்ட எங்கள் தெருக்காரர்கள், "பாவம், அங்கே சொந்தபந்தம் கிடையாது" என்று பரிதாபப்பட்டார்கள். எனக்கு அப்போது என் பெரியம்மா ஞாபகம்தான் வந்தது. அப்பாவின் அண்ணன் மனைவி. சின்ன வயதில் தாலி இழந்தவர். எங்கள் வகையறாவில் அறுத்துக்கட்டும் வழக்கம், அதாவது விதவைக்கு மறுமணம், இல்லை. பதினான்கு பேர் சாப்பிடும் வீட்டில் கடைசிப் பந்தியில் உட்காருபவர் அவர். யாரும் அவரை ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. வருஷத்துக்கு இரண்டு சேலை, தலைக்கு எண்ணெய், தீபாவளிக்குப் பலகாரம், எதிலும் குறை வைத்ததில்லை. ஆனால் சாயங்காலம் தொழுவத்தில் வைக்கோல் போடும்போது பெரியம்மா பசுவிடம் பேசுவார். அன்றைக்கு என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள், தனக்கு எது சுருக்கென்று தைத்தது, அத்தனையையும் தணிந்த குரலில், ஒரு மனுஷியிடம் சொல்வது போலச் சொல்வார். எனக்கு எட்டு வயது. கன்றுக்குட்டியைப் பார்க்கப் போனவள் சுவர் ஓரமாக நின்று கேட்டுவிட்டுப் பயந்துபோய் ஓடிவந்தேன். பெரியம்மாவுக்குக் காற்றுக் கருப்பு என்று நினைத்துவிட்டேன்.

இருபது வருஷம் கழித்து ஆன்டன் செகாவின் ஒரு கதையைப் படித்தேன். 1886ல் எழுதியது. மகனைப் பறிகொடுத்த வண்டிக்காரன் ஒருவன், பனி கொட்டும் இரவில் வண்டியில் ஏறுகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லப் பார்க்கிறான். கேட்க யாருக்கும் நேரமில்லை. கடைசியில் லாயத்தில் தன் குதிரையிடம் சொல்கிறான். அந்தக் கதையை முடித்தபோது நான் செகாவை நினைக்கவில்லை. எங்கள் தொழுவத்து வைக்கோல் வாசனை வந்தது. ஊர் நிறைய ஆட்கள் இருந்தும் வண்டிக்காரனுக்கு ஆளில்லை. வீடு நிறைய ஆட்கள் இருந்தும் பெரியம்மாவுக்கு ஆளில்லை.

நம் ஊர்களில் மனசைத் திறக்க இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒப்பாரி இருக்கிறது. செத்த வீட்டில் பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு பாடுவது செத்தவருக்காக மட்டும் இல்லை. பத்து வருஷத்துக்கு முன் வைத்த ஒரு சொல், கிடைக்காமல் போன ஒரு பங்கு, மாமியார் செய்த கொடுமை, எல்லாம் அந்த ராகத்துக்குள் வந்துவிடும். அங்கே யாரும் "ஏன் இதைச் சொல்கிறாய்" என்று கேட்க முடியாது. இன்னொரு இடம் சாமி. நம் பாண்டி கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். தலைவிரி கோலமாக ஆடும் பெண்ணின் வாயிலிருந்து வரும் வார்த்தைகளைப் பேயின் வார்த்தை என்று எடுத்துக்கொண்டு புருஷனும் மாமனாரும் கைகட்டிக் கேட்கிறார்கள். அவளே சொன்னால் கேட்பார்களா? ஆக, துக்கத்தைச் சொல்ல வேண்டுமானால் ஒருவர் சாக வேண்டும், அல்லது ஒரு பேய் பிடிக்க வேண்டும். சாதாரணமாக உட்கார்ந்து, தன் குரலில், தன் பேரில் சொல்வதற்கு மட்டும் வழியில்லை.

அந்த வழியை நாவல் எப்படித் திறந்தது என்று பார்க்க வத்தலக்குண்டுக்குப் போகலாம். இன்றைக்கு அது திண்டுக்கல் மாவட்டம். 1985 வரை மதுரை மாவட்டம்தான். அந்த ஒரு ஊர் மூன்று எழுத்தாளர்களைக் கொடுத்தது: பி.ஆர். ராஜம் ஐயர், பி.எஸ். ராமையா, சி.சு. செல்லப்பா. செல்லப்பா பிறந்தது எங்கள் சோழவந்தானில், வளர்ந்தது வத்தலக்குண்டில். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் ஊர்ப் பெருமை வருவதை மறைக்க விரும்பவில்லை.

ராஜம் ஐயர் 1893ல் 'விவேக சிந்தாமணி' என்ற மாதப் பத்திரிகையில் ஒரு தொடர்கதை எழுத ஆரம்பித்தார். அப்போது அவருக்கு 21 வயது. 26 வயதில், 1898ல், இறந்தும் போனார். அந்தக் கதையை நாம் 'கமலாம்பாள் சரித்திரம்' என்கிறோம். ஆனால் அவர் வைத்த பெயர் இரட்டைப் பெயர்: 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்'. முதல் பாதி எப்படியோ உதிர்ந்துவிட்டது. எனக்கு அந்த உதிர்ந்த பாதிதான் முக்கியம். அபவாதம் என்றால் வீண்பழி. தமிழின் ஆரம்பகால நாவல் ஒன்று தன் முதல் தலைப்பிலேயே, ஊர் வாய் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதுதான் என் விஷயம் என்று சொல்கிறது.

கதை நடப்பது மதுரை ஜில்லாவில் உள்ள சிறுகுளம் என்ற கிராமத்தில். முத்துஸ்வாமி ஐயர் வசதியானவர். கமலாம்பாள் அவர் மனைவி. தம்பி மனைவி பொன்னம்மாளுக்கு ஓரகத்தியின் மேல் பொறாமை. ஊர்ப் பெண்கள் கூடிப் பேசும் கூட்டத்துக்கு ராஜம் ஐயர் வம்பர் மகாசபை என்று பெயர் வைத்தார். படிக்கும்போது சிரிப்பு வரும். கொஞ்சம் யோசித்தால் அந்தக் கிராமத்தின் சரித்திரமே அதில் இருக்கிறது. தொடர் வந்துகொண்டிருந்த அதே வருஷங்களில்தான் பெரியாறு அணை எழும்பிக்கொண்டிருந்தது. 1895ல் அந்தத் தண்ணீர் வைகைக்குத் திரும்புவதற்கு முன் இந்தச் சமவெளி பெரிதும் கண்மாயையும் குளத்தையும் நம்பியிருந்தது. பெண்கள் குடத்தோடு போகும் தண்ணீர்த்துறைதான் அவர்கள் வீட்டுக்கு வெளியே கூடி நின்று பேசக் கிடைத்த முக்கிய இடம். தன் துக்கத்தைச் சொல்ல வழியில்லாதவர்கள் அடுத்தவள் துக்கத்தைப் பேசினார்கள். வம்பு என்பது அப்படித்தான் ஆரம்பிக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

குழந்தை காணாமல் போகிறது, பணம் போகிறது, எல்லாவற்றுக்கும் மேல் கமலாம்பாள் நடத்தை மேல் பழி விழுகிறது. முத்துஸ்வாமி ஐயர் அதை நம்பி வீட்டை விட்டே போய்விடுகிறார். பல வருஷம் ஒன்றாக வாழ்ந்த மனைவியிடம் நேருக்கு நேர் ஒரு கேள்வி கேட்கவில்லை. சந்நியாசம் வாங்கிக்கொள்வது சுலபமாக இருந்தது, "எனக்கு மனசு வலிக்கிறது, இது உண்மையா?" என்று கேட்பது முடியாததாக இருந்தது. நாவலின் பின்பகுதி குருவையும் வேதாந்தத்தையும் தேடிப் போகிறது. ராஜம் ஐயருக்குள் இருந்த தேடல் அது. பிறகு 'பிரபுத்த பாரதா' பத்திரிகைக்கு ஆசிரியராகவும் இருந்தார். அந்தத் தேடலை நான் குறைவாகப் பேசவில்லை. ஆனால் வாசகியாக என் மனசு முன்பகுதியிலேயே நின்றுவிடுகிறது. கேட்கப்படாத அந்த ஒரு கேள்விக்கு எந்தக் குருவும் பதில் சொல்ல முடியாது. கேட்க வேண்டியவர் வீட்டிலேயே இருந்தார்.

இனி செல்லப்பா. அவருடைய இரண்டு புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் வெகுநாள் எண்ணம். ஒன்று 'வாடிவாசல்', 1959. இன்னொன்று 'ஜீவனாம்சம்', 1962. ஒன்று ஆண்களின் உலகம், மைதானம், ஒரு பகல் பொழுது. இன்னொன்று பெண்ணின் உலகம், வீட்டு உள்கட்டு, முடிவில்லாத நாட்கள். ஆனால் இரண்டிலும் இருப்பது ஒரே மாதிரியான வாயடைப்பு.

வாடிவாசலை இன்று எல்லோரும் ஜல்லிக்கட்டுக் கதை என்கிறார்கள். அலங்காநல்லூரும் பாலமேடும் அவனியாபுரமும் செய்தியில் வரும்போதெல்லாம் அந்தப் புத்தகமும் பேச்சில் வருகிறது. நல்லதுதான். எனக்கு அது ஒரு மகனின் துக்கக் கதை. பிச்சியின் அப்பா அம்புலி பெயர் பெற்ற மாடு அணைபவர். ஜமீன்தாரின் காரிக் காளை குத்திச் செத்தவர். அந்தக் காரியை அணைய மகன் வந்திருக்கிறான். கூடத் துணைக்கு மச்சான் மருதன். கதை முழுக்கப் பிச்சி அப்பாவைப் பற்றி எவ்வளவு குறைவாகப் பேசுகிறான் என்று கவனியுங்கள். கூட்டத்தில் நிற்கும் கிழவர்தான் பேசுகிறார். கிழவர் கிண்டக் கிண்டத்தான் அவன் யார் என்பதே வெளியே வருகிறது.

இந்த இடத்தில் நம் ஊர்ச் சொல் ஒன்றை நிறுத்திப் பார்க்க வேண்டும். வெளியூர்க்காரர்கள் மாட்டை அடக்குவது என்கிறார்கள். நம் பக்கம் மாடு அணைவது. அணைவது என்றால் கட்டித் தழுவுவது. திமிலைக் கட்டிக்கொண்டு நெஞ்சோடு நெஞ்சு சேர்த்து நிற்பது. வளர்ந்த மகனைத் தகப்பன் கட்டிப்பிடிக்கும் வழக்கம் நம் பக்கத்தில் கிடையாது. மகன் தகப்பனைத் தொடுவது அவர் பாடையில் ஏறிய பிறகுதான். பிச்சிக்குத் தன் வாழ்க்கையில் அணைத்துக்கொள்ளக் கிடைத்தது அப்பாவின் உயிரைக் கொண்டுபோன அந்தக் காளையைத்தான். அப்பாவின் உடம்பை அணைத்த கடைசி உடம்பும் அதுதானே? இதைச் செல்லப்பா எங்கேயும் விளக்கிச் சொல்லவில்லை. சொல்லாததால்தான் அந்தக் குறுநாவல் இத்தனை வருஷம் நிற்கிறது. ஆட்டம் முடிந்து, ரத்தம் சிந்தி, காரியை அதன் எஜமானரே சுட்டுக் கொல்லும் முடிவு வரைக்கும் யாரும் வாய்விட்டு அழுவதில்லை.

ஜீவனாம்சம் இதைவிடக் கடினமான புத்தகம். வாடிவாசலைப் படித்தவர்களில் பத்தில் ஒருவர்கூட இதைத் தொடுவதில்லை என்பது எனக்கு ஆற்றாமை. செல்லப்பா 1959 முதல் 1970 வரை நடத்திய 'எழுத்து' பத்திரிகையில் தொடராக வந்தது. சாவித்திரி என்ற இளம் விதவை. அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அண்ணன், அவள் புகுந்த வீட்டின் மேல் ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறார். வெளியே நடப்பது அவ்வளவுதான். வழக்கு, வக்கீல், வாய்தா. மிச்சமெல்லாம் அவள் மனசுக்குள் ஓடுகிறது. 

இன்றைய பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் சட்டம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் கூட்டுக் குடும்பத்து விதவைக்குச் சொத்தில் பங்கு கிடையாது. சோறும் துணியும் தரக் கடமைப்பட்டிருந்தார்கள், அவ்வளவுதான். 1937ல் வந்த சட்டம் கணவன் பங்கை அவள் ஆயுள் உள்ளவரை அனுபவிக்கலாம் என்றது. 1956ல்தான் வாரிசுரிமைச் சட்டமும் ஜீவனாம்சத்துக்கான சட்டமும் வந்தன. மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தமிழ்நாட்டில் 1989ல் வந்தது. இந்தச் சட்டங்கள் எல்லாம் தேவையானவை; இவற்றுக்காகப் போராடியவர்களை நான் கும்பிடுகிறேன். அண்ணன் வழக்குப் போட்டதும் பாசத்தால்தான். தங்கச்சிக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்று கோர்ட்டுக்கு அலைகிற அண்ணனை எப்படிக் குறை சொல்ல முடியும்?

ஆனால் அவர் அவளிடம் கேட்கவில்லை. இங்கேயும் அந்தக் கேட்கப்படாத கேள்விதான். வழக்கு அவள் பெயரில் நடக்கிறது. அவள் மனசில் நடப்பது யாருக்கும் தெரியாது. எந்த வீட்டை எதிர்த்து வழக்கோ அந்த வீட்டைத்தான் அவள் ஓயாமல் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த வீட்டு மனிதர்கள், அங்கே தான் இருந்த கொஞ்ச நாள், அங்கே தனக்கு இருந்த இடம். எதிர்க்கட்சிக்காரர்கள் என்று வக்கீல் சொல்கிறவர்கள் அவளுக்கு மெல்ல மெல்லத் தன் மனிதர்களாகிறார்கள். அங்கேயே திரும்பிவிட வேண்டும் என்று மனசு ஒருப்படுகிறது. ஜீவனாம்சம் என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். கோர்ட்டுக்கு அது பிழைப்புக்கான பங்கு. அவளுக்கு அந்த வீடே ஜீவனின் ஒரு அம்சம். தலைப்புக்குள்ளேயே வழக்கும் தீர்ப்பும் இருக்கின்றன.

இந்த முடிவை இன்று படிக்கும் பெண்கள் கோபப்படுகிறார்கள். என் மாணவி ஒருத்தி, "டீச்சர், கடைசியில அவளையும் புகுந்த வீட்டுக்கே அனுப்பிட்டாரே" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். அவள் கோபம் நியாயம். இன்னொரு வாழ்க்கையை அந்த நாவல் சாவித்திரிக்கு யோசித்துக்கூடப் பார்க்கவில்லை. அதே சமயம் அந்த மாணவியிடம் நான் சொன்னதையும் இங்கே சொல்கிறேன். சாவித்திரி எங்கே போனாள் என்பதை விட, அத்தனை பக்கங்களுக்கு ஒருவர் அவள் மனசுக்குள் உட்கார்ந்து கேட்டார் என்பது எனக்குப் பெரிது. அண்ணன் கேட்கவில்லை, வக்கீல் கேட்கவில்லை, நீதிபதி கேட்டிருக்க வழியே இல்லை. வாய்தாவுக்கும் வாய்தாவுக்கும் நடுவில் கிடக்கும் வெறும் நாட்களில் அவள் என்னவாக இருந்தாள் என்பதை எழுதுவதற்கு ஒரு பழைய சுதந்திரப் போராட்டக்காரர், புத்தகங்களைத் தானே மூட்டை கட்டிச் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்ற ஒரு மனிதர், உட்கார்ந்தார்.

வத்தலக்குண்டிலிருந்து மதுரைக்குத் திரும்புவோம். இங்கே ஜி. நாகராஜன் இருக்கிறார். 1929ல் இந்த ஊரில் பிறந்தவர். கணக்குப் படித்தவர், டுட்டோரியல் கல்லூரிகளில் அவர் நடத்திய கணக்குப் பாடத்தைப் பற்றி அந்தக் காலத்து மாணவர்கள் பெருமையாகப் பேசுவார்கள். 1981 பிப்ரவரியில் இந்த ஊர் அரசு மருத்துவமனையில், நோயாலும் போதையாலும் நைந்துபோன உடம்போடு, 51 வயதில் இறந்தார். அவரைப் பற்றிச் சுந்தர ராமசாமி எழுதிய நினைவோடைப் புத்தகத்தைப் படிக்கும் யாருக்கும் தூக்கம் வராது. நாகராஜனின் குடியையும் பழக்கங்களையும் ரசித்துப் பேசுவது நம்மில் ஒரு வழக்கமாகிவிட்டது. அதில் எனக்குச் சம்மதமில்லை. ஒரு மனிதன் இந்த ஊரின் நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகத் தனியாகிப் போனான். அது கொண்டாடும் விஷயம் இல்லை.

1974ல் வந்த அவருடைய 'நாளை மற்றுமொரு நாளே' ஒரே ஒரு நாளின் கதை. கந்தன் காலையில் எழுந்திருக்கிறான். அந்த நாள் முடியும்போது போலீஸ் பிடியில் இருக்கிறான். விசேஷம் எதுவும் இல்லாத நாள். நான் சொன்ன, நல்லதும் கெட்டதும் இல்லாத அந்த நடுநாள். கந்தன் சில்லறைக் குற்றங்கள் செய்து பிழைப்பவன், குடிப்பவன். மீனா அவன் மனைவி. அவளுக்கு ஆள் கூட்டி வருபவனும் அவன்தான். இப்படிச் சொன்னதும் நம் மனசு கதவைச் சாத்திக்கொள்கிறது. நாகராஜன் அந்தக் கதவைத் தட்டுவதில்லை, உடைப்பதில்லை. சும்மா அந்த நாளை எழுதிக்கொண்டே போகிறார். போகப் போக ஒன்று தெரியவருகிறது. இது குழந்தையைப் பறிகொடுத்த வீடு. தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் மீனா கதி என்ன என்ற கவலை கந்தனை அரித்துக்கொண்டிருக்கிறது. அவளுக்கு ஒரு பாதுகாப்பு ஏற்பாடு செய்துவிட வேண்டும் என்று அவன் தவிக்கிறான். கல்யாணமாகாத மகளை வைத்திருக்கும் தகப்பனின் தவிப்பு அது. அதை அவன் பேசுவது தரகுக்காரனின் மொழியில். அவனுக்குத் தெரிந்த ஒரே மொழி அது.

என் அப்பாவுக்கு மொய் நோட்டு, பிச்சிக்குக் காளை, சாவித்திரியின் அண்ணனுக்குக் கோர்ட்டு, கந்தனுக்குத் தரகு. நேசம் நம் மனிதர்களிடம் கிடைத்த பாத்திரத்தில் ஊற்றிக்கொள்கிறது. எத்தனை அழுக்கான பாத்திரமாக இருந்தாலும் உள்ளே இருப்பது என்ன என்று பார்க்க நாகராஜனுக்குக் கண் இருந்தது. ஆனால் மீனா என்ன நினைத்தாள்? நாவல் கந்தனோடுதான் நடக்கிறது. மீனாவின் மத்தியானத்தைப் பற்றி நமக்கு அதிகம் தெரியாது.

கமலாம்பாள், சாவித்திரி, மீனா. மூவரையும் எழுதியவர்கள் ஆண்கள். நல்ல ஆண்கள், காது கொடுத்துக் கேட்ட ஆண்கள். இருந்தாலும் இந்த வரிசையில் ஒரு பெண் தன் வாயால் சொல்ல 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாமாவின் 'கருக்கு' அந்த வருஷம் மதுரையிலிருந்துதான் புத்தகமாக வெளிவந்தது. பாமா மதுரைக்குத் தெற்கே வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டிக்காரர். கன்னியர் மடத்தில் சேர்ந்து சில வருஷம் கழித்து வெளியே வந்தவர். வெளியே வந்தபோது கையில் வேலையில்லை, தைரியமில்லை, இந்தப் பக்கமும் இல்லை அந்தப் பக்கமும் இல்லை என்ற நிலை. அந்த உடைந்த நிலையில் தன் ஊரை, தன் பாட்டியை, அம்மாவை, படி என்று தூண்டிய அண்ணனை நினைத்து நினைத்து எழுதியதுதான் கருக்கு. பேச்சுத் தமிழில் எழுதினார். பனைமட்டையின் இரண்டு பக்கமும் அறுக்கும் கருக்கு போல, நினைத்தாலும் அறுக்கிறது, நினைக்காவிட்டாலும் அறுக்கிறது.

இதுவரை நான் பேசியது வீட்டுக்குள் தனித்துப் போனவர்களைப் பற்றி. பாமா வந்து இன்னொன்றைக் காட்டினார். ஒரு தெருவையே ஊரிலிருந்து தனியாக வைத்திருக்கிறோம். அந்தத் தெருவுக்குள் தாயாப் பிள்ளையாப் பழகுகிறார்கள். மேலத் தெருக்காரர் முன்னால் அந்தப் பாட்டி கூனிக்குறுகி நிற்கிறாள். "நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து" என்று நான் பெருமையாகச் சொன்னேனே, அந்தப் போக்குவரத்து சாதி எல்லையில் நின்றுவிடுகிறது. சாவுக்குத் தப்பு அடிக்க வருகிறவர் வீட்டுச் சாவுக்கு நாம் போயிருக்கிறோமா? எங்கள் வீட்டு மொய் நோட்டில் அப்படி ஒரு பெயரும் இல்லை. கருக்கைப் படித்த பிறகுதான் நான் அந்த நோட்டில் அதைத் தேடிப் பார்த்தேன். நாற்பது வயது வரை தோன்றவில்லை.

நேரம் ஆகிவிட்டது. பெரியம்மாவைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன்.

வேலைக்கு வந்த புதிதில், ஒரு கோடை விடுமுறையில் ஊருக்குப் போனபோது நூலகத்திலிருந்து எடுத்த ஜீவனாம்சத்தைக் கொண்டுபோயிருந்தேன். பெரியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பசு எப்போதோ விற்றாகிவிட்டது. மத்தியானம் திண்ணையில் நான் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என்னத்தா அது, சத்தமா வாசி, நானும் கேக்குறேன்" என்றார். வாசித்தேன். ஐயர் வீட்டுக் கதை. பேச்சும் அவர்கள் பேச்சு. பெரியம்மாவுக்குப் பிடிக்காது, எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தூணைப் பார்த்தபடி இருந்தார். ஒரு மணி நேரம் இருக்கும். நான் தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது கேட்டார்.

"எழுதுனது பொம்பளையா?"

"இல்ல பெரியம்மா, ஆம்பளை. நம்ம சோழவந்தான்ல பிறந்தவர்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவருக்கு யாருத்தா சொன்னா?" என்றார்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். மறுநாள் மத்தியானம் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே திண்ணைக்கு வந்தார்.

"நேத்து நிப்பாட்டுன இடத்துல இருந்து வாசித்தா."